நான்கு தட்டு மடவை

ஹோட்டலில் நடந்த தபால் அதிகாரியின் பணி ஓய்வு விருந்தில் நாற்பத்திரண்டு பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார்கள். அந்தச் சத்தம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற சமையல் மாஸ்டருக்குக் கைதட்டலைப் போலக் கேட்டது. தோளில் கிடந்த துண்டை ஒருமுறை உதறிப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பாராட்டு வாங்கப் போவதற்கென்று அவரிடம் தனியாக ஒரு நடை உண்டு. வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, புருவத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றி, இதெல்லாம் நமக்குச் சாதாரணம் என்கிற முகத்தோடு மேசை மேசையாக வருவார்.

ஒவ்வொரு தட்டிலும் ஒரு முழு மடவை மீன் படுத்திருந்தது. ஒவ்வொரு மீனிலும் சரியாக ஒரு வாய் அளவுக்கு மட்டும் பள்ளம் விழுந்திருந்தது. அதை மாஸ்டர் கவனிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் மக்களிடம் கோபப்படாமலேயே காலம் தள்ளிய தபால் அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நல்ல வார்த்தை ஒன்றைத் தேடுவது அவர் முகத்தில் தெரிந்தது.

"மழை பெஞ்சு விட்ட மைதானத்துல நின்ன மாதிரி இருக்கு மாஸ்டர்."

இப்படி ஒரு பாராட்டை மாஸ்டர் தன் ஆயுளில் வாங்கியதில்லை. பெரிய படிப்பாளி, கவித்துவமாகச் சொல்கிறார் என்று நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். பக்கத்து மேசைக்காரர் தன் பங்குக்கு, உப்பு ரொம்பச் சரியாக இருக்கிறது என்றார். அதுதான் கொஞ்சம் உறுத்தியது. சமையல்காரனிடம் உப்பைப் பாராட்டுவது, பாட்டுக்காரனிடம் சட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்வதைப் போல.

சமையலறைக்குத் திரும்பியபோது கத்தியக்கா ஐஸ் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, இடுப்பில் கையோடு நின்றிருந்தாள். மீன் ஆய்வதில் அவளுக்கு ஈடு கிடையாது என்பதால் வந்த பெயர் அது. நாக்கும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். விருந்துக்கென்று வாங்கிய கடல் மடவை நாற்பத்திரண்டும் ஐஸில் நிம்மதியாகத் தூங்குவதை அவள் விரலால் காட்டினாள். காலியாகக் கிடந்தது பக்கத்துப் பெட்டி. அதில் இருந்தவை மாஸ்டருடைய மச்சான் தன் குளத்திலிருந்து மாதிரிக்கென்று தாராளமாக ஒரு பெட்டி நிறைய அனுப்பியவை.

மாஸ்டருக்கு அப்போதுதான் மைதானத்தின் அர்த்தம் புரிந்தது.

மூன்று பெட்டிகளும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. முன்பெல்லாம் ஒவ்வொன்றின் மேலும் கடல், முகத்துவாரம், குளம் என்று சீட்டு ஒட்டுவார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த வழக்கத்தை ஒழித்தவர் மாஸ்டரேதான். எனக்கு மூக்கு இருக்கும்போது சீட்டு எதற்கு என்று எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்டார். செவுளைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்தால் போதும், இது மணல் தரையில் மேய்ந்தது, இது சேற்றில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை, இது பாலத்துக்கு அடியில் தூணைச் சுரண்டித் தின்றது என்று சொல்லப்போய், பிடித்துக்கொண்டு வந்தவரே அசந்து நின்றுவிட்டார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் மூக்கு மாஸ்டர். அந்தப் பெயரை அவர் மறுத்ததே இல்லை. மறுப்பதைப் போலச் சிரிப்பார், அவ்வளவுதான்.

அந்த மூக்கு இப்போது இல்லை. அதாவது, முகத்தில் இருந்தது, வேலைதான் செய்யவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் விருந்தாளி மாதிரி வந்த ஒரு ஜலதோஷம், போகும்போது வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு இந்த நான்கும் நாக்கில் தெரிந்தன. மற்றதெல்லாம் நனைந்த காகிதம். ரோஜாவும் ஒன்றுதான், பூண்டும் ஒன்றுதான். டாக்டரிடம் திரும்ப வருமா என்று கேட்டார். வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார் டாக்டர்.

மாஸ்டர் இதை யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு போன மூக்கு மாஸ்டர் என்றால் எவனுக்குத்தான் சிரிப்பு வராது. இரண்டு தெரு தள்ளி, தன்னைத் தெரியாத கடையாகப் பார்த்து அளவுக் கரண்டி ஒரு செட் வாங்கி, சட்டைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டார். அளந்து போடுகிற சமையல்காரர்களை மருந்துக்கடைக்காரன் என்று கேலி பேசிய வாய் அவருடையது. இப்போது யாரும் பார்க்காதபோது திரும்பி நின்று, கால் கரண்டி அரைக் கரண்டி என்று எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தைரியத்தில்தான் விருந்தையும் ஒப்புக்கொண்டார். பெட்டியை அளக்கக் கரண்டி கிடையாது என்பது தோன்றாமல் போய்விட்டது.

மறுநாள் முதலாளியம்மா மாடி அறைக்குக் கூப்பிட்டாள். ஹோட்டல் வாங்குவதற்கு முன் இருபது வருஷம் பள்ளியில் கணக்கு டீச்சர். இன்றைக்கும் சட்டைப் பொத்தான் இடுக்கில் சிவப்புப் பேனா செருகியிருப்பாள், மெனு அட்டையில் எழுத்துப்பிழையைச் சுழித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். திட்டவில்லை. மாஸ்டரை உட்காரச் சொன்னாள்.

விஷயம் இதுதான் என்றாள். மடவை கேட்டு வருகிறவர்கள் ஒருநாள் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்கிறார்கள், ஒருநாள் வாய்க்கால் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஒரே தண்ணீர் மீனைத்தான் வாங்கப்போகிறேன். எந்தத் தண்ணீர் என்று மாஸ்டர் சொல்ல வேண்டும். அடுத்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் நானே கீழே வந்து சாப்பிட்டுப் பார்ப்பேன்.

"அன்னிக்கும் மைதானம் வந்துச்சுன்னா, கிச்சனுக்கு வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும் மாஸ்டர்."

அப்படியானால் வேறு ஆள் பார்த்துவிட்டீர்களா என்று மாஸ்டர் கேட்டார். பார்க்க வேண்டியிருக்கும் என்றுதான் சொன்னேன், பார்ப்பேன் என்று சொல்லவில்லை என்று முதலாளியம்மா சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டாள். மாஸ்டர் படியிறங்கி வரும்போது அந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொரு படியிலும் நின்று யோசித்தார். பதினெட்டுப் படி.

மடவையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. மற்ற மீன்கள் சின்ன மீனைத் துரத்தித் தின்னும். மடவைக்கு அந்த ஓட்டமெல்லாம் ஆகாது. தலையைக் குனிந்து தரையைத் தின்னும். மணலோ சேறோ, அதன் மேல் படிந்திருக்கிற பாசி, அழுகல், கண்ணுக்குத் தெரியாத பூச்சி எல்லாவற்றையும் வாய் நிறைய அள்ளி, மண்ணைத் துப்பிவிட்டு மிச்சத்தை விழுங்கும். விழுங்கியதை அரைக்கக் கோழிக்கு இருப்பதைப் போலவே கெட்டியான இரைப்பை. அதிலும் தடித்த உதடு ஜாதி கல்லில் பாசியைச் சுரண்டும், பெரிய தலை ஜாதி சேற்றைச் சலிக்கும். ஆகவே மடவையின் ருசி என்று தனியாக ஒன்று கிடையாது. அது குடியிருந்த வீட்டின் ருசிதான் அதன் ருசி. தட்டில் மீன் வருவதாக நினைத்து நாம் சாப்பிடுவது ஏதோ ஒரு தண்ணீரின் அடித்தரையை. இதையெல்லாம் மாஸ்டர் மேசைக்கு மேசை பிரசங்கம் செய்தவர்தான். சொல்வதற்கு மூக்கு தேவையில்லை. இப்போது தேவைப்பட்டது ஒரு வாய். ருசி பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுகிற வாய்.

வீட்டிலேயே ஒன்று இருந்தது. அன்று மாலை, மச்சானிடமிருந்து காலையில் வந்த புதுப் பெட்டியையும் சேர்த்து, மூன்று தண்ணீர் மீனிலும் ஒவ்வொன்றை எடுத்துப்போய், உப்பு மட்டும் போட்டு ஆவியில் வேகவைத்து, மூன்று கிண்ணத்தில் மனைவிக்கு முன்னால் வைத்தார். அவள் முன்னறையில் தையல் மிஷினில் யாருடைய கோட்டுக்கோ கை வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் நான்கு குண்டூசி. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் மாஸ்டர் சமையலுக்கு அவள் சொன்ன ஒரே வார்த்தை, பரவாயில்லை. ஊரே கொண்டாடியபோதும் பரவாயில்லை, அடிப்பிடித்தபோதும் பரவாயில்லை. ஊசிகளை எடுத்துக் குஷனில் குத்திவிட்டு மூன்றிலும் ஒவ்வொரு வாய் சாப்பிட்டாள்.

"பரவாயில்லைங்க."

எது அதிகமாகப் பரவாயில்லை என்று மாஸ்டர் விடாமல் கேட்டார். மூன்றும் அதது பாணியில் பரவாயில்லை என்றாள். அதில் ஒன்று அவளுடைய தம்பியின் மீன் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் ஊசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள். குண்டூசி வாயோடு இருக்கும் பெண்ணிடம் குறுக்கு விசாரணை நடத்தக்கூடாது என்கிற அளவுக்கு மாஸ்டருக்கு அனுபவம் இருந்தது.

அடுத்து கடல் மீன் கொண்டுவரும் படகுக்காரரைப் பிடித்தார். கடல் மீனுக்கு என்ன குறை என்று அவர் பதிலுக்குக் கேட்டார். குறை இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றார் மாஸ்டர். அதைத்தானே நானும் கேட்கிறேன் என்று படகுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். முகத்துவாரத்தில் வலை போடும் வலைக்காரம்மா அவரை விடப் பொறுமைசாலி. படகு விளிம்பில் உட்கார வைத்து அரைமணி நேரம் பேசினாள். குளிர் வந்து மீன் முட்டை வைக்கிறதுக்கு முன்னால் பிடித்தால் கொழுப்பு சொட்டும் என்றாள். வெயில் காலத்தில் தண்ணீர் தேங்கிப் பச்சை பூத்தால் அதே மீன் நாறும் என்றாள். கடல் ஏறி வருகிற ஏற்றத் தண்ணீரில் பிடித்ததும், இறங்கிப் போகிற வற்றுத் தண்ணீரில் பிடித்ததும் அண்ணன் தம்பி மாதிரி. முகம் ஒன்று, குணம் வேறு என்றாள். எல்லாம் பொன்னான தகவல். கடைசியில், இந்த வாரத்து மீன் எப்படி என்று மாஸ்டர் கேட்டார்.

"மூக்கு மாஸ்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?" என்று சிரித்துவிட்டாள் வலைக்காரம்மா.

போகிற இடமெல்லாம் இந்தச் சுவர்தான் குறுக்கே நின்றது. அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனார் யார் என்பதும் மாஸ்டருக்கு லேசாகத் தெரிய ஆரம்பித்தது. ஹோட்டல் பூனையிடமும் முயற்சி செய்து பார்த்தார். பூனை மூன்று தட்டையும் ஒரே வேகத்தில் காலி செய்துவிட்டு, நான்காவதாக அவருடைய செருப்பை நக்கியது. அதன் தீர்ப்பை நம்பி ஹோட்டல் நடத்த முடியாது.

வேறு வழியில்லாமல் கைகளை நம்பினார். கத்தியக்கா மீன் ஆயும்போது பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இரைப்பையையும் பிளந்து, உள்ளே இருப்பதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார். சரசரவென்று மணல் நெருடினால் கடல். மை மாதிரி வழவழவென்று கறுப்பாக வந்தால் முகத்துவாரம். பச்சைக் கொழகொழப்போடு தவிட்டுத் துகள் தென்பட்டால் மச்சான் குளம். இரண்டு நாளில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டார். மீன் எங்கிருந்து வந்தது என்பதை விரல் சொன்னது. எப்படி இருக்கும் என்பதைச் சொல்லவில்லை.

"ஒரு தடவ மோந்து பாத்தா முடிஞ்சுது. எதுக்கு மாஸ்டர் இந்தக் கூத்து?" என்று கத்தியக்கா நிமிராமலே கேட்டாள்.

கையும் பழக வேண்டாமா என்றார் மாஸ்டர். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு, பழகட்டும் பழகட்டும் என்று அடுத்த மீனை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஹோட்டலுக்கு விடுமுறை. மாஸ்டர் பேருந்து பிடித்து மச்சானுடைய குளத்துக்குப் போனார். மச்சான் அதிகம் வாய் திறக்காத ஆள். தபால்காரராக இருந்தால் கடிதத்தைக்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டு கதவிடுக்கில் தள்ளிவிட்டு ஓடுகிற ரகம். இரண்டு வருஷமாக அந்தக் குளத்தில்தான் குடியிருக்கிறான். ஒவ்வொரு மீனையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறை. கால்வாய்த் தண்ணீரைத் திருப்பி நிரப்பிய பெரிய குளம். காற்று அடித்துத் தள்ளிய பக்கத்து மூலையில், தண்ணீரின் மேல் நீலமும் பச்சையும் கலந்த பாசி ஏடு, யாரோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரிப் படர்ந்திருந்தது. நடுவில் மடவைகள் சும்மா இருக்கப் பிடிக்காமல் துள்ளித் துள்ளி விழுந்தன.

மதியச் சாப்பாட்டுக்கு மச்சான் ரொட்டியும் முட்டையும் வைத்தான். இரண்டாயிரம் மீனைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒருவன் முட்டையைப் பொரிப்பதை மாஸ்டர் கண் கொட்டாமல் பார்த்தார்.

"மீன் சாப்பிடலையா மாப்ளே?"

"இன்னிக்கு என்னமோ மனசு இல்ல மாமா."

அடுப்படி மூலையில் முட்டை ஓடு ஒரு கூடை நிறையக் கிடந்தது. மனசு இல்லாமல் போய் ரொம்ப நாளாகிவிட்டது என்று மாஸ்டர் புரிந்துகொண்டார். ஆனால் நேராகக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால், உங்களுக்குத் தெரியாதா மாமா என்பான். அதனால் மீன் பார்க்க வந்தவர் மாதிரிக் கரையில் உலாத்திக்கொண்டே, அந்த ஏட்டின் வாசனையைத்தான் மீன் சதையில் ஏற்றிக்கொள்கிறது என்றும், சுத்தமான ஓடுகிற தண்ணீரில் சில நாள் பட்டினி போட்டு வைத்தால் ஏறியது இறங்கிவிடும் என்றும் எங்கேயோ கேட்டதை எடுத்துவிட்டார். குளத்துக்கு மேலே, ஊற்றுத் தண்ணீர் கால்வாய்க்கு இறங்குகிற கல் ஓடை ஒன்று இருந்தது. இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அறுபது மீனை வலைக் கூண்டில் போட்டு அந்த ஓடையில் இறக்கி, துள்ளி வெளியே விழாமல் இருக்க மேலேயும் வலை கட்டினார்கள். பதினோரு நாள், ஒரு பிடி தீவனம் போடக்கூடாது என்றார் மாஸ்டர்.

மச்சான் முடிச்சுப் போட்டுக்கொண்டே, தன் மீனில் ஏதாவது கோளாறா என்று கேட்டான். இல்லை மாப்ளே, சும்மா ஒரு சோதனை என்றார் மாஸ்டர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்கள். கூண்டுக்குள் பட்டினி விரதம் தொடங்கிய அறுபது மடவைகளும் அவர்கள் இருவரையும் விடத் தெளிவான முகத்தோடு இருந்தன.

வெள்ளிக்கிழமை வந்தது. சமையலறை மேடையில் நான்கு வெள்ளைத் தட்டு. கடல் ஒன்று, முகத்துவாரம் இரண்டு, குளம் மூன்று, ஓடையில் பட்டினி கிடந்த குளத்து மீன் நான்கு. எண்ணெய் இல்லை, மிளகு இல்லை, எலுமிச்சை இல்லை. ஆவியும், அளந்து போட்ட உப்பும் மட்டும். தட்டுக்கு அடியில் எண் எழுதிய சீட்டை மாஸ்டரே வைத்தார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு சீட்டுக்கு அந்தச் சமையலறையில் மறு வாழ்வு கிடைத்தது. மச்சான் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவந்திருந்தான். தண்ணீர் ததும்பும் டப்பாவைப் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள முந்தின நாளே குளத்துக்கு வந்திருந்த தன் அக்காவையும் கூட்டி வந்திருந்ததால், மாஸ்டர் மனைவியும் நனைந்த மடியோடு கதவோரம் நின்றாள். கத்தியக்கா கத்தியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள். முதலாளியம்மா முள்கரண்டியும் சிவப்புப் பேனாவுமாக இறங்கி வந்தாள்.

"முதல்ல நீங்க சொல்லுங்க மாஸ்டர். அப்புறம் நான் சாப்பிடறேன்."

மாஸ்டர் பழக்கதோஷத்தில் முதல் தட்டின் மேல் குனிந்து கண்ணை மூடி மூச்சை இழுத்தார். சூடான காற்று உள்ளே போனது. வேறொன்றும் போகவில்லை. நான்கு தட்டுக்கும் அதே கதை. ஆனால் தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. ஒன்றாம் எண் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கடல் மீன் யாரையும் அவமானப்படுத்தாது. முதலாளியம்மா தலையசைப்பாள், சமையலறை தப்பிக்கும், மூக்கு மாஸ்டர் பட்டமும் தப்பிக்கும். நாக்கு நுனிவரை வந்த பதிலோடு நிமிர்ந்தவரின் பார்வை மச்சான் மேல் விழுந்தது. அவன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தான். தீர்ப்பு சொல்லப்போகிற நீதிபதியைப் பார்ப்பதைப் போல, மாஸ்டர் முகத்தை அல்ல, மூக்கை மட்டும் பார்த்தான். செத்துப்போன நீதிபதியிடம் ஒருவன் இப்படி நியாயத்துக்கு நிற்பது மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

"எனக்கு மூக்கு போயி மூணு மாசம் ஆச்சும்மா. விருந்தன்னிக்கும் இல்ல. இப்பவும் ஒண்ணும் தெரியல."

தனக்குத் தெரியும் என்றாள் கத்தியக்கா. போன மாதம் பக்கத்து அடுப்பில் வெங்காயம் கருகிப் புகைந்தபோது மாஸ்டர் அதற்கு முன்னால் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாராம். முதலாளியம்மா பேனாவை மூடிப் பொத்தானில் செருகினாள். சரி, அப்படியானால் மற்றவர்கள் சாப்பிட்டுச் சொல்லுங்கள் என்றாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். நான்கும் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் கத்தியக்கா. பன்னிரண்டு நாள் இரைப்பை பிளந்த மனுஷனை மேலும் நோகடிக்க அவளுக்கே மனம் வரவில்லை. மனைவி என்ன சொன்னாள் என்று எழுதத் தேவையில்லை.

அப்போது மச்சான் மேடைக்கு வந்தான். மூன்றாம் தட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"இது என் மீன். இது நாறுது மாமா."

சொல்லிவிட்டு அவனே பயந்துபோனான். பிறகு, இரண்டு வருஷமாக அடைத்து வைத்திருந்த மதகைத் திறந்ததைப் போலப் பேசினான். போன மாதமே நாறியது. ஆனால் அப்போது அனுப்பிய முதல் மாதிரியைச் சாப்பிட்டுவிட்டு மாமா அருமை என்று சொல்லியனுப்பினார். மூக்கு மாஸ்டரே அருமை என்றால், கோளாறு தன் நாக்கில்தான் என்று நினைத்துக்கொண்டான். டாக்டரிடம் நாக்கை நீட்டிக் காட்டினானாம். நாக்கு நன்றாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

மாஸ்டருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. அருமை என்று சொன்னது உண்மை. நனைந்த காகிதத்தை மென்றுவிட்டு, மச்சான் மனசு நோகக்கூடாது என்று சொன்ன வார்த்தை.

நான்காம் தட்டு என்று முதலாளியம்மா விரலால் தட்டினாள். மச்சான் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். மென்றான். மெல்வதை நிறுத்தினான். இன்னொரு துண்டு எடுத்தான்.

"இதுவும் என் மீனா?"

அதற்குப் பிறகு யாருக்கும் கூச்சமில்லை. கடல் மீன் சுத்தம், ஆனால் கொஞ்சம் வறட்டு ஆசாமி என்றாள் கத்தியக்கா. முகத்துவாரம் கொழுப்பில் ஒசத்தி, ஆனால் இந்த வாரம் தண்ணீர் குறைந்ததால் கடைசியில் லேசாகச் சேறு எட்டிப்பார்க்கிறது. குளிர் வரட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்றாள். நான்காவதில் தவிடு தின்ற கொழுப்பு இருக்கிறது, குளத்து நாற்றம் இல்லை, லேசாக இனிக்கிறது என்று சொல்லி மூன்றாவது வாய்க்குக் கை நீட்டினாள். முதலாளியம்மா நான்கையும் வரிசையாகச் சாப்பிட்டுவிட்டு, திரும்ப நான்காவதற்கு வந்து, அடியிலிருந்த சீட்டை உருவி அதில் சிவப்பில் ஒரு டிக் அடித்தாள். ஓடைத் தண்ணீர் எல்லா நாளும் ஒரே தண்ணீர், ஆகவே ருசியும் ஒரே ருசி. தனக்கு வேண்டியது அதுதான் என்றாள். இனி ஒவ்வொரு பெட்டிக்கும் சீட்டு, முகர்ந்து பார்க்கிற பொறுப்பு கத்தியக்காவுக்கு.

மச்சான் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முட்டை என்று ஒன்று இருப்பதையே மறந்தவனைப் போல மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மீன் விஷயம் முடிந்தது என்றாள் முதலாளியம்மா. மாஸ்டர் விஷயம் முடியவில்லை. மூக்கில்லாத ஆளிடம் கிச்சனை விடலாமா என்பது தனக்கே தெரியவில்லை. இங்கே எல்லோரும் அவர் முகத்துக்காகப் பேசுகிறார்கள். பன்னிரண்டு வருஷமாக அவர் கையால் சாப்பிட்டவள் ஒருத்திதான் இருக்கிறாள். முதலாளியம்மா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"மூக்கு போனதுல கையும் போயிடுச்சா? நீ சொல்லும்மா. நீ சொல்றதுதான் முடிவு. பரவாயில்லைங்கற வார்த்தை மட்டும் வேணாம்."

மனைவி மாஸ்டரைப் பார்த்தாள். வாயில் குண்டூசி இல்லை. அது தையல் மிஷின் குஷனில், வீட்டில் இருந்தது. மாஸ்டர் தரையைப் பார்த்தார். வயிற்றை உள்ளே இழுக்கவும் இல்லை, புருவத்தை ஏற்றவும் இல்லை. தன்னையறியாமல் சட்டைப் பையை மட்டும் ஒரு கையால் மூடிக்கொண்டார். உள்ளே கரண்டிகள் லேசாகக் கிணுகிணுத்தன.

"உங்க சமையல்ல பன்னெண்டு வருஷமா ஒரு சிட்டிகை உப்பு ஜாஸ்திங்க," என்றாள் அவரிடமே. "ஒருநாள் தப்பாம, எல்லாத்துலயும். இந்த மூணு மாசமாத்தான் நல்லாருக்கு."